பேக் கம்ப்ரஷனைப் பிடிக்கும் டப்பா

ஓசூரில் பழைய டீசல் கார் வாங்கப் போகிறவர், தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட அழைத்துப் போவது வழக்கம். மெக்கானிக் இன்ஜினை ஓடவிடுவார். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடான காற்று புகையோடு கையைத் தள்ளினால் உதட்டைப் பிதுக்குவார்: “பேக் கம்ப்ரஷன் இருக்குண்ணா.” விலையில் சில ஆயிரங்கள் அங்கேயே குறைந்துவிடும்.

இந்தப் பேக் கம்ப்ரஷன் எல்லா இன்ஜினிலும் கொஞ்சம் உண்டு, புது வண்டியிலும்கூட. சிலிண்டருக்குள் எரிபொருள் வெடித்துப் பிஸ்டனைக் கீழே தள்ளும்போது, வாயுவில் ஒரு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயில் இருக்கும் அடிப்பகுதிக்கு, அதாவது கிராங்க்கேஸுக்கு, இறங்கிவிடுகிறது. எரியாத எரிபொருள், நீராவி, புகைக்கரி எல்லாம் அதில் இருக்கும். அங்கே சுழலும் கிராங்க் ஆயிலை நுண்துளிகளாக அடித்துத் தெறிக்கவிடுவதால் ஆயில் மூட்டமும் சேர்ந்துகொள்ளும். இந்த வாயு வெளியேற வழி இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் கூடி ஆயில் சீல்களைப் பிதுக்கிவிடும்.

ஒரு காலத்தில் இதற்கான தீர்வு மிக எளிமையாக இருந்தது. ஒரு குழாயை வண்டிக்கு அடியில் தொங்கவிட்டு, வாயுவைச் சாலையிலேயே விட்டுவிட்டார்கள். லாஸ் ஏஞ்சலீஸ் நகரம் புகைமூட்டத்தில் திணறிய பிறகுதான் அந்தக் குழாய் மேல் சந்தேகம் விழுந்தது. 1961-ல் கலிபோர்னியா, கிராங்க்கேஸ் வாயுவை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பி எரித்துவிடும் பிசிவி அமைப்பைக் கட்டாயமாக்கியது. வாகனப் புகையைக் கட்டுப்படுத்த அமெரிக்காவில் கட்டாயமாக்கப்பட்ட முதல் தொழில்நுட்பம் அதுதான். புகைக்குழாயில் வினையூக்கி மாற்றி வைக்கும் வழக்கமெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

திருப்பி அனுப்பியதில் சாலை சுத்தமானது, இன்ஜினின் உள்வழி அழுக்கானது. வாயுவோடு போகும் ஆயில் மூட்டம் காற்று உள்ளே வரும் பாதையில் படிகிறது. பழைய பெட்ரோல் இன்ஜின்களில் எரிபொருள் வால்வின் முதுகில் பீய்ச்சப்படுவதால் அந்தப் படிவு கழுவப்பட்டுவிடும். இப்போது பல டர்போ பெட்ரோல் கார்களில் இருக்கும் நேரடி இன்ஜெக்ஷனில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பாய்கிறது. வால்வைக் கழுவ யாரும் இல்லை. டீசலில் நிலைமை இன்னும் மோசம். வெளிப்புகையில் ஒரு பங்கை மீண்டும் இன்ஜினுக்கே அனுப்பும் இஜிஆர் வழியாகத் திரும்பி வரும் புகைக்கரியும் ஆயில் மூட்டமும் கலந்து, இன்டேக் மேனிஃபோல்டில் தார் பூசியதுபோல் கெட்டியாகிவிடும். கிருஷ்ணகிரியிலிருந்து மேலுமலை ஏற்றத்தில் ஏழு பேரையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு ஓசூருக்கு ஏறும் வண்டியில் சிலிண்டர் அழுத்தம் கூடும், பேக் கம்ப்ரஷனும் கூடும்.

இங்கேதான் ஆயில் கேட்ச் கேன் வருகிறது. கிராங்க்கேஸ் வாயு வெளியே வரும் பிரீதர் ஹோஸுக்கும், காற்று உள்ளே போகும் இன்டேக்குக்கும் நடுவில் ஒரு டப்பா. உள்ளே வரும் வாயு தடுப்பிலும் வலையிலும் மோதிக் குளிர்கிறது. ஆயிலும் தண்ணீரும் அடியில் தங்குகின்றன. வாயு மட்டும் மேல்வழியாக இன்ஜினுக்குப் போகிறது. ஜெர்மனியின் மான் அண்ட் ஹம்மல் ‘புரோவென்ட்’ என்ற பெயரில் இதை முறையாகத் தயாரித்து விற்கிறது. ஆஸ்திரேலியாவில் டீசல் ஜீப் வைத்திருப்பவர்களிடையே இது மிகப் பிரபலம்.

சிப்காட் தொழிற்பேட்டையும் லேத் பட்டறைகளும் நிறைந்த ஓசூரில் கம்பெனி டப்பாவுக்கு விலை கொடுக்க மனம் வருமா? அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் வண்டி செய்யும் ஊர் இது. ஓர் அலுமினியக் குழாய்த் துண்டு, இரண்டு நிப்பிள், அடியில் ஒரு டிரெயின் வால்வு இருந்தால் போதும், அரை நாளில் சில நூறு ரூபாயில் டப்பா தயார். பட்டறை வரை போக நேரமில்லாதவர்கள் ஏர் கம்ப்ரஸருக்குப் போடும் வாட்டர் செபரேட்டரை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். ஜூஸ் பாட்டிலுக்குள் பாத்திரம் தேய்க்கும் கம்பி ஸ்க்ரப்பரைத் திணித்து மாட்டுபவர்களும் உண்டு.

குறை சொல்ல வேண்டியது டப்பாவின் விலையை அல்ல. தவறுகள் வேறு இடத்தில் நடக்கின்றன.

கம்ப்ரஸர் செபரேட்டரின் தெளிவான கிண்ணம் பெரும்பாலும் பாலிகார்பனேட். குளிர்ந்த காற்றுக்காகச் செய்யப்பட்டது. பானெட்டுக்குள் இருக்கும் வெப்பமும் எரிபொருள் ஆவியும் சேர்ந்தால் அதில் மயிரிழை விரிசல்கள் விழும். ஒரு நாள் அது உடைந்து, ஆயில் நேராக டர்போ மேலேயோ எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மேலேயோ கொட்டலாம். தோட்டத்துக்குப் போடும் பிவிசி குழாய் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். அதன்பின் வாயுவுக்கு வழி கிடையாது. டிப்ஸ்டிக் வெளியே துள்ளும், கிராங்க் சீலில் ஆயில் கசியும். ஸ்க்ரப்பரின் கம்பித் துணுக்கு ஒன்று உறிஞ்சப்பட்டு உள்ளே போனால் சிலிண்டரில் கோடு போட்டுவிடும். எல்லாவற்றிலும் பயங்கரமானது, டீசல் வண்டியில் டப்பாவைக் காலி செய்ய மறப்பது. நிரம்பிய ஆயில் ஒரே மூச்சில் இன்டேக்குக்குள் போனால் இன்ஜின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு தானாக வேகமெடுக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் மார்கழி, தை மாதங்களில் டப்பாவில் ஆயிலைவிடத் தண்ணீர்தான் அதிகம் சேரும். மோர்போல வெளுத்த குழம்பைப் பார்த்து ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று பதற வேண்டாம். கூலன்ட் அளவு குறையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

செய்தே தீருவது என்றால், டப்பாவின் உடல் உலோகத்தில் இருக்க வேண்டும். ஹோஸ் ஆயிலையும் சூட்டையும் தாங்கும் ரப்பராக, கம்பெனி ஹோஸைவிடக் குறுகாத துளையோடு இருக்க வேண்டும். வெளியேறும் வாயில் உறுதியான ஸ்டெயின்லெஸ் வலை அவசியம். பிசிவி வால்வைக் கழற்றக் கூடாது. டப்பாவை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி, பாடியில் இறுக்கிப் பொருத்த வேண்டும். ஒரு சோதனையும் உண்டு; அதற்குச் செலவே இல்லை. ஒரு தெளிவான குழாயை ‘யு’ வடிவில் வளைத்துப் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்றுப் புகாமல் செருகுங்கள். தண்ணீர் உள்ளே இழுபடாதபடி வளைவு நீளமாக இருக்கட்டும். டப்பா பொருத்துவதற்கு முன்பும் பின்பும் இன்ஜினை ஓடவிட்டு, தண்ணீர் மட்டம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பொருத்திய பிறகு அழுத்தம் கூடியிருந்தால் டப்பா இன்ஜினின் மூச்சை அடைக்கிறது என்று பொருள். அதே நிமிடம் கழற்றிவிடலாம்.

வாரத்துக்கு ஒரு முறை டப்பா ஆயிலால் நிறைகிறது என்றால் டப்பா நன்றாக வேலை செய்கிறது என்று பெருமைப்படுபவர்கள் உண்டு. அது பெரும்பாலும் ரிங் தேய்ந்த செய்தி. கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்க வேண்டிய நேரம். பழைய வண்டியை விற்கிறவர் டப்பாவை மாட்டி ஆயில் புகையை மறைப்பதும் நடக்கக்கூடியதே. அத்திப்பள்ளியைத் தாண்டிப் போய் பெங்களூரில் கார் பார்க்கிறவர்கள் பானெட்டைத் திறந்ததும் இதைத் தேட வேண்டும்.

சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத்தில் ‘கேட்ச் கேன்’ என்ற சொல்லே இல்லை. பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்து வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக உறுதி செய்தது. சிறு டப்பா பதிவுச் சான்றிதழின் எந்த விவரத்தையும் மாற்றுவதில்லை. ஆனால் 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதிக்கப்படாத விதத்தில் பாகங்களைச் சேர்த்து வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. வாயு மீண்டும் இன்டேக்குக்கே போகும் மூடிய அமைப்புக்கு வாதாட இடம் இருக்கிறது. வாயுவைச் சின்ன ஃபில்டர் வழியாகத் திறந்த வெளியில் விடும் டப்பாவுக்கு அந்த இடம் இல்லை. பெட்ரோல் கார்களுக்கான பாரத் ஸ்டேஜ் அங்கீகாரச் சோதனையில் கிராங்க்கேஸ் வாயு வெளியே வரவே கூடாது. காற்று மாசு விதிகளை மீறினால் பிரிவு 190(2)-ன் கீழ் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. அதோடு ஓட்டுநர் உரிமம் மூன்று மாதம் செல்லாது.

“பியூசி எடுத்தேனே, பாஸ் ஆச்சே” என்பது இங்கே உதவாது. புகைச் சோதனை செய்யும் பியூசி மையத்தில் கருவியின் முனையைச் சைலன்சரில்தான் செருகுகிறார்கள். பானெட்டுக்குள் வாய் திறந்து கிடக்கும் ஹோஸை அது பார்ப்பதே இல்லை. காருக்குள் ஏசியை வெளிக்காற்றில் வைத்தால் வரும் ஆயில் நாற்றத்தை மட்டும் உள்ளே இருக்கும் குழந்தைகள் சுவாசிப்பார்கள்.

வாரன்டியில் இருக்கும் வண்டிக்குக் கேட்ச் கேன் வைப்பதை எந்த நிதானமான மெக்கானிக்கும் பரிந்துரைக்க மாட்டார். வைத்துவிட்டால் எல்லா உரிமையும் போய்விட்டதா? சர்வீஸ் சென்டரில் அப்படித்தான் சொல்லக்கூடும். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த உத்தரவு, வெளிப் பட்டறையில் வேலை பார்த்ததற்காக ஒட்டுமொத்தமாக வாரன்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றது. வெளியே நடந்த தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது. அந்த வழக்கு மேல்முறையீடுகளில் தொடர்ந்தாலும், நுகர்வோரின் வாதத்துக்கு இந்த வரி நல்ல அடித்தளம். டப்பாவால் டர்போ போனது என்றால் செலவு உரிமையாளருடையது. பவர் ஸ்டீயரிங் போனதற்கு டப்பாவைக் காரணம் காட்டினால், எப்படி என்று எழுத்தில் கேட்க வேண்டும். கழற்றிய பாகத்தைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜாப் கார்டின் நகலை விடக் கூடாது.

எல்லைப் பகுதியில் வாழ்பவர்களுக்குப் பலர் அறியாத ஒரு வசதி இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தான் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பெங்களூரில் கார் வாங்கி அங்கேயே சர்வீஸ் செய்த ஓசூர்க்காரர், கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கர்நாடகத்துக்கு அலைய வேண்டியதில்லை. பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு ஆண்டு. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். டப்பாவைத் தப்பாக மாட்டிய பட்டறைக்காரர் மீதும் சேவைக் குறைபாடு என்று புகார் செய்யலாம். ஆனால் பில் இருக்க வேண்டும். “அண்ணா, பில்லெல்லாம் எதுக்கு” என்ற இடத்தில்தான் பலருடைய வழக்கு முடிந்துபோகிறது.

தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கதை தனி. சர்வேயரின் அறிக்கையில் ‘வெளியில் பொருத்தப்பட்ட பாகத்திலிருந்து ஆயில் கசிவு’ என்ற வரி வந்தால் க்ளெய்ம் தடுமாறும். மறுப்பு வந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. மாற்றத்தை முன்கூட்டியே நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தெரிவித்து வைத்தவரின் கை அங்கே கொஞ்சம் ஓங்கியிருக்கும்.

கடைசியாக, டப்பாவில் சேர்ந்த அந்தக் கறுப்புக் குழம்பு. அரை டம்ளர்தானே என்று வாய்க்காலில் ஊற்றுவது சுலபம். 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் பயன்படுத்திய ஆயில் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போய்ச் சேர வேண்டும். கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போதெல்லாம் ஓசூர்க்காரர்கள் பெங்களூரைத் திட்டுகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. தென்பெண்ணைக்கு இந்தப் பக்கத்து வாய்க்கால்களும்தான் இறங்குகின்றன. கையுறை போட்டுக்கொண்டு, டப்பாவை ஒரு பழைய ஆயில் கேனில் கவிழ்த்து மூடி வைத்து, அடுத்த ஆயில் மாற்றத்தின்போது பட்டறையின் பேரலில் ஊற்றச் சொல்லலாம். அந்தப் பேரலை யார் வந்து எடுத்துப்போகிறார்கள் என்றும் கூடவே கேட்டுவிடலாம்.