பனியன் ஆர்டருக்கு கரண்டு பில் கேட்கும் வெளிநாட்டு கம்பெனிகள்... ஏன் தெரியுமா?

திருப்பூர்:
முன்னெல்லாம் வெளிநாட்டு பையர் வந்தால் ரேட் என்ன, ஷிப்மெண்ட் என்னைக்கு என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுத்து விட்டுப் போவார். இப்போ கதையே வேற. மாசம் எத்தனை யூனிட் கரண்டு ஓடுது, பாய்லருக்கு என்ன எரிக்கிறீங்க, சாயத் தண்ணி எங்கே போகுது என்று கேள்வி மேல் கேள்வி. பதில் திருப்தி இல்லைன்னா ஆர்டர் கைமாறிப் போகும் அபாயம் இருக்கு.

என்ன திடீர் அக்கறை? விஷயம் இருக்கு. ஒரு டி-சர்ட்டுக்காக வெளியேறும் கார்பன் புகையில் பெரும்பகுதி, அதை விற்கிற கடையில் வருவதில்லை. நூல் நூற்று, துணி நெய்து, சாயம் போடுகிற இடத்தில்தான் வருது. சுவீடன் நாட்டு 'எச் அண்ட் எம்' கம்பெனி, 2019-ல் இருந்த புகை அளவில் 56 சதவீதத்தை 2030-க்குள் குறைப்பதாக அறிவித்துள்ளது. அவங்களுக்குத் துணி தைக்கிற ஊரின் பாய்லரும் அந்தக் கணக்கில் சேரும். இங்கே குறையாமல் அங்கே குறைச்சுக் காட்ட முடியாது.

தண்ணீர் கேள்வி நம்ம ஊருக்குப் புதுசில்லை. பாசனத்துக்காக நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, பயிருக்கே ஆகாத தண்ணியாச்சு. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட் உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. துணி மூட்டைகள் சாயம் போட வெளியூருக்கு லாரி ஏறின. வேலை இழந்தவர்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும்.

அதுக்கப்புறம் வந்ததுதான் ஜீரோ டிஸ்சார்ஜ். கழிவு நீரை சுத்தப்படுத்தி, ஆர்.ஓ. மூலம் நல்ல தண்ணியைப் பிரித்து மறுபடி சாயத்துக்கே விடுவாங்க. மிச்ச உப்புத் தண்ணியைக் கொதிக்க வைத்து உப்பையும் எடுத்துடுவாங்க. அன்னைக்கு கோர்ட்டுக்குப் பயந்து செய்தது, இன்னைக்கு பையரிடம் தைரியமாகச் சொல்ல கை கொடுக்குது. ஆனா ஒன்று, இப்படிக் கொதிக்க வைக்கவும் விறகும் கரண்டும் வேணும். தண்ணி மிச்சமானாலும் புகை கூடும்!

பையருக்கு இன்னொரு பயமும் உண்டு. மழை தவறினாலோ கொட்டித் தீர்த்தாலோ சரக்கு வருமா? 2010-ல் பாகிஸ்தான் பெருவெள்ளத்தில் பருத்திக் காடுகள் மூழ்கின. அதுவும் ஒரு காரணமாகி, 2011 மார்ச்சில் உலகச் சந்தையில் ஒரு பவுண்டு பருத்தி 2 டாலரைத் தாண்டியது. நம்ம மில்களுக்குப் பருத்தி பெரும்பாலும் குஜராத், மகாராஷ்டிரா பக்கமிருந்துதான் வருது. அங்கே வானம் பொய்த்தால் இங்கே நூல் விலை எகிறும். ஆர்டர் ரேட்டோ மாசக்கணக்கில் முன்னாடியே பேசி முடித்தது. நஷ்டத்தை ஈடுகட்ட முதலில் வெட்டு விழுவது ஓவர்டைமில்தான்.

பெரிய கம்பெனிகள் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலை போட்டு சமாளிக்குது. வாடகை ஷெட்டில் பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் பார்ப்பவருக்கு, சோலார் மாட்ட சொந்தக் கூரையே கிடையாது. கணக்கு எழுத ஆள், ஆடிட் செலவு வேறு. இவ்வளவும் கேட்கிற பையர் பீஸ் ரேட்டை மட்டும் ஏத்தித் தர்றதில்லை என்பதுதான் சின்ன முதலாளிகளின் புலம்பல்.