3 லேன் 2 ஆனது. 2 உயிர் போனது! ரோடு குறுகும் இடத்தில் கம்ப்யூட்டர் கணக்கு

2022-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். குஜராத்தில் உள்ள உத்வாடாவில் இருந்து மும்பை நோக்கி ஒரு பென்ஸ் கார் வந்துகொண்டிருந்தது. மராட்டிய மாநிலம் பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலம். அங்கே வந்ததும் "டமார்" என்று பாலத்துச் சுவரில் கார் மோதியது.

பின் சீட்டில் இருந்த 2 பேர் பரிதாபமாக இறந்தார்கள். ஒருவர் டாடா சன்ஸ் கம்பெனியின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி (வயது 54). மற்றவர் அவருடன் வந்த ஜஹாங்கீர் பண்டோல். இருவரும் சீட் பெல்ட் போடவில்லை. மோதுவதற்கு 5 விநாடி முன்பு காரின் வேகம் 100 கிலோ மீட்டர். பிரேக் போட்டும் மோதியபோது 89 கிலோ மீட்டர் என்று கார் கம்பெனி போலீசுக்கு அறிக்கை கொடுத்தது. ஓட்டியவர் மீது வழக்கும் பதிவானது.

நாடெங்கும் பெல்ட் பற்றித்தான் பேச்சு. பாலத்தைப் பற்றிப் பேசியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

காணாமல் போன லேன்

அந்த இடத்தில் 3 லேன் ரோடு, பாலத்தில் 2 லேன் ஆகிவிடுகிறது. கார் 3-வது லேனில் வந்தது. 2-வது லேனுக்கு மாறப் பார்த்தபோது பக்கத்தில் லாரி இருந்ததால் முடியவில்லை என்று, முன் சீட்டில் இருந்து உயிர் தப்பியவர் வாக்குமூலம் கொடுத்தார். பாலத்தின் அமைப்பிலேயே குறை இருக்கிறது, கைப்பிடிச் சுவர் ரோட்டின் ஓரப்பகுதிக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று 7 பேர் கொண்ட தடயவியல் குழுவும் சொன்னது.

அந்த ஓரப்பகுதிக்கு என்ஜினீயர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஷோல்டர்'. சமவெளியில் 2 லேன் நெடுஞ்சாலை என்றால் நடுவில் 7 மீட்டர் தார், இரண்டு பக்கமும் 2.5 மீட்டர் ஷோல்டர், ஆக மொத்தம் 12 மீட்டர். பஞ்சரான லாரி ஒதுங்குவதும், தடுமாறிய பைக்காரர் தப்பிப்பதும் அந்த 2.5 மீட்டரில்தான்.

இரண்டரை விநாடி

ரோடு குறுகத்தான் வேண்டும் என்றால் படிப்படியாகக் குறுக வேண்டும். பக்கவாட்டில் 1 மீட்டர் குறைய, நீளத்தில் 15 முதல் 20 மீட்டர் விட வேண்டும் என்கிறது இந்திய சாலை காங்கிரசின் 1980-ம் ஆண்டு விதிப் புத்தகம். ஒரு லேன் 3.5 மீட்டர். அது முழுதாக மறைய 52 முதல் 70 மீட்டர் ஆகும்.

70 மீட்டர் என்றால் நிறைய என்று தோன்றும். 100 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அது இரண்டரை விநாடிதான்! டிரைவர் ஆபத்தைக் கண்டு, மூளைக்கு எட்டி, பிரேக்கில் கால் வைக்கவே இரண்டரை விநாடி ஆகும் என்பதும் அதே காங்கிரசின் கணக்கு. அதாவது கால் பிரேக்கைத் தொடும்போது லேன் தீர்ந்து போயிருக்கும்.

அமெரிக்காவில் வேகம் கூடக் கூட நீளமும் கூடும். 60 மைல் வேக ரோட்டில் 12 அடி லேன் மறைய 720 அடி கொடுக்கிறார்கள். சுமார் 220 மீட்டர். நம்முடையதைப் போல 3 மடங்கு!

முறுக்கு அச்சு

இன்று பெரிய ரோடுகள் எல்லாம் முதலில் கம்ப்யூட்டரில்தான் போடப்படுகின்றன. 'சிவில் 3டி', 'ஓப்பன்ரோட்ஸ்' போன்ற சாப்ட்வேர்கள் இதற்கென்றே இருக்கின்றன. வேலை நடக்கும் விதம் முறுக்குப் பிழிகிற மாதிரிதான். ரோட்டின் நடுக்கோட்டை வரைவார்கள். தார், ஷோல்டர், சரிவு எல்லாம் சேர்ந்த குறுக்கு வெட்டுதான் அச்சு. அந்த அச்சைக் கோட்டின் மேல் ஓடவிட்டால் கிலோ மீட்டர் கணக்கில் ரோடு வந்து விழும்.

அகலம் மாறாதவரை வம்பில்லை. குறுகும் இடத்தில்தான் சங்கடம். அங்கே அச்சே போகப் போகச் சிறுத்தாக வேண்டும். இதற்குத் தார் விளிம்பு போக வேண்டிய பாதையைத் தனிக் கோடாகப் போட்டு, "இதைப் பிடித்துக்கொண்டு போ" என்று லேனுக்குக் காட்டிக் கொடுக்கிறார்கள். இந்தக் கோட்டுக்கு 'டார்கெட்' என்று பெயர்.

பல இடங்களில் கோட்டை விடுவது ஷோல்டரில். அது லேனின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு வருகிற வால். லேன் உள்ளே வந்தால் ஷோல்டரும் கூடவே வரும். ஆனால் தன் அகலத்தை மட்டும் குறைத்துக்கொள்ளாது. அதற்கும் ஒரு டார்கெட் தனியாகக் காட்டினால்தான் குறையும். மறந்தால்? 2.5 மீட்டர் ஷோல்டர் அப்படியே நேராகப் போய்ப் பாலத்துச் சுவரில் முட்டி நிற்கும். கம்ப்யூட்டர் வாய் திறக்காது. சொன்னதைச் செய்தது, அவ்வளவுதான்!

ஒரு ஜாண் தார்

இன்னொரு வில்லங்கமும் உண்டு. சாப்ட்வேர் அச்சை அங்குலம் அங்குலமாக வைப்பதில்லை. 25 மீட்டருக்கு ஒரு வெட்டு என்று வைத்துவிட்டு, இடைவெளியை நேர்க்கோட்டால் இணைத்துவிடும்.

ரோடு 110-வது மீட்டரில் குறுகத் தொடங்கி 180-ல் முடிய வேண்டும், அங்கே பாலத்துச் சுவர் ஆரம்பம் என்று வைத்துக்கொள்வோம். வெட்டு விழுவது 100, 125 என்று போய் 175, 200-ல். 110-லும் 180-லும் வெட்டே இல்லை. அதனால் குறுகல் 10 மீட்டர் முன்னதாகத் தொடங்கி, 20 மீட்டர் தள்ளிப் போய் முடியும். சுவர் நிற்கும் 180-ல் தார் விளிம்பு இன்னும் 20 சென்டி மீட்டர் வெளியே இருக்கும். ஏறக்குறைய ஒரு ஜாண் தார், சுவருக்குள்!

குறுகல் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் கூடுதலாக வெட்டுப் போட்டால் இது சரியாகிவிடும். டார்கெட் கோடு மடங்கும் இடங்களில் தானாகவே வெட்டு விழச் செய்யும் வசதியும் சாப்ட்வேரில் இருக்கிறது. டிக் பண்ண வேண்டும், அவ்வளவுதான்.

பழைய பாலம் இருக்கும் ரோடு என்றால் சர்வே ஆட்கள் சுவர் முனையை நேரில் போய் அளந்து வந்து படத்தில் ஏற்ற வேண்டும். சுவரே படத்தில் இல்லாவிட்டால் மேலே சொன்ன எந்த வசதியும் உதவாது. எல்லாம் முடிந்த பிறகு, திரையில் அந்த ரோட்டின் மேலேயே கார் ஓட்டுகிற மாதிரி போய்ப் பார்க்கலாம். வேகத்தை 100 என்று வைத்து, இடது ஓர லேனிலேயே பாலம் வரைக்கும் போய்ப் பார்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது.