உங்கள் டொமைன் சும்மா கிடக்கிறதா?

2017 மே 12 அன்று ‘வான்னாக்ரை’ என்ற தீம்பொருள் உலகெங்கும் பரவியது. கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்கும் ரகம் அது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள்கூடத் தள்ளிப்போயின. அதன் நிரலை ஆராய்ந்த மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளைஞர், யாரும் பதிவு செய்யாத, பொருளற்ற நீண்ட இணைய முகவரி ஒன்றை அது தேடுவதைக் கவனித்தார். 10.69 டாலர் கட்டி அதைப் பதிவு செய்தார். அந்த முகவரியிலிருந்து பதில் வந்தால் வேலையை நிறுத்திவிடும்படி தீம்பொருள் எழுதப்பட்டிருந்தது. பரவல் அடங்கியது.

யாருக்கும் வேண்டாத பெயர்தான். ஆனால் அது யார் கையில் இருக்கிறது என்பது உலகத்துக்கே முக்கியமாகிவிட்டது. கடை தொடங்கவோ சங்கம் நடத்தவோ ஆசையாக ஒரு டொமைனை, அதாவது இணைய முகவரியை, பதிவு செய்துவிட்டு மறந்துபோனவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

காலாவதி ஆனால் என்ன நடக்கும்?

டொமைனை யாரும் நிரந்தரமாக விலைக்கு வாங்கிவிட முடியாது. அது வாடகை வீடு மாதிரி. டாட் காம் முகவரியை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதிவு செய்யலாம்; பிறகு புதுப்பிக்க வேண்டும். தவணை தவறினாலும் உடனே கைவிட்டுப் போகாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாட்கள் வரை சலுகைக் காலம் உண்டு. பெயர் நீக்கப்பட்டாலும் 30 நாட்களுக்குள் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதன்பின் 5 நாட்கள் கழித்து, யார் வேண்டுமானாலும் அதைப் பதிவு செய்துகொள்ளலாம். இப்படி விடுபடும் பெயர்களை நொடிப்பொழுதில் பிடிக்கவே மென்பொருள்கள் காத்திருக்கின்றன. பல பெயர்கள் அதற்கு முன்பே ஏலத்துக்குப் போய்விடுகின்றன.

முகவரியைப் பிடித்தவருக்கு அதற்கு வரும் மின்னஞ்சல்களும் கிடைக்கும். அந்த மின்னஞ்சலைக் கொடுத்துத் தொடங்கிய பழைய கணக்குகளின் கடவுச்சொல்லை அவரால் மாற்ற முடியும். நூலின் பின்னட்டையில் அச்சான முகவரி சூதாட்டத் தளத்துக்கு இட்டுச் செல்லவும் கூடும்.

2024-ல் வெளிவந்த ஒரு சம்பவம் இந்த ஆபத்தின் அளவைக் காட்டியது. டாட் மொபி முகவரிகளின் பதிவு விவரங்களைத் தரும் சர்வர் வேறு முகவரிக்கு மாறியிருந்தது. பழைய டொமைன் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. ‘வாட்ச்டவர்’ என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதை 20 டாலருக்கு வாங்கினார்கள். அரசு, ராணுவ அமைப்புகள் உட்பட 1,35,000-க்கும் மேற்பட்ட கணினிகள் அந்தப் பழைய முகவரியிடமே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தன. நல்லவர்கள் கையில் சிக்கியதால், அது ‘ஷேடோசர்வர்’ என்ற பாதுகாப்பு அமைப்பின் பொறுப்பில் பத்திரமாகச் சேர்ந்தது.

என்ன வேலை கொடுக்கலாம்?

புதிய தளத்துக்கு மாறியவர்கள் பழைய முகவரியை விடாமல் வைத்திருந்து, வருகிறவர்களைப் புதியதற்குத் திருப்பிவிடலாம். பதிவு நிறுவனத்தின் கணக்கிலேயே இதைச் செய்துவிட முடியும். தளமே வேண்டாம் என்றால், அந்தப் பெயரில் மின்னஞ்சல் மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒற்றைப் பக்கமும் போதும்: ஊர்ப் பள்ளியின் வரலாறு, தாத்தாவின் கட்டுரைகள், உள்ளூர் ரத்ததானக் குழுவின் விவரம் எதுவானாலும் சரி. 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளில் காணாமல்போனதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் கண்டறிந்தது. ஒரு பக்கத்தைக் காப்பாற்றுவதும் பயனுள்ள வேலைதான்.

வெற்றுப் பக்கத்துக்கும் வேலை உண்டு. ‘பக்கம் இல்லை’ என்ற அறிவிப்பு வரும் இடத்தில் காணாமல்போன குழந்தைகளின் படங்களைக் காட்டும் ‘நாட்ஃபவுண்ட்’ திட்டத்தை ஐரோப்பாவில் ‘மிஸ்ஸிங் சில்ட்ரன் யூரோப்’ அமைப்பு முன்னெடுத்தது.

உங்களுக்குப் பயன்படாத பெயர் ஒரு நூலகத்துக்கோ தொண்டு அமைப்புக்கோ பொருந்தினால், முறைப்படி அவர்கள் பெயருக்கே மாற்றிக் கொடுங்கள். விற்பதும் தவறில்லை. ஆனால் அடுத்தவரின் வணிகப் பெயரைப் பதிவு செய்துவைத்துப் பேரம் பேசுவது சட்டத்தில் நிற்காது. வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு டொமைனுக்கும் உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

எதுவும் செய்யாவிட்டால்?

பூட்டியாவது வையுங்கள். பயன்பாட்டில் இல்லாத டொமைனின் பெயரைப் போட்டு மோசடி மின்னஞ்சல் அனுப்புவது எளிது. ‘இந்த முகவரியிலிருந்து மின்னஞ்சலே வராது’ என்று அறிவிக்கும் எஸ்பிஎஃப், டிமார்க் பதிவுகளைச் சேர்த்தால் பெரும்பாலான மின்னஞ்சல் சேவைகள் அப்படி வருபவற்றை நிராகரித்துவிடும். கட்டணம் தானாகப் புதுப்பிக்கப்படும்படி செய்யுங்கள். கணக்கின் தொடர்பு மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்க வேண்டாம். டொமைன் போனால் அந்த மின்னஞ்சலும் போய்விடும்.

விட்டுவிடுவதாக முடிவெடுத்தால், காலாவதி ஆகும் முன்பே வங்கி, சமூக ஊடகம் என அந்த மின்னஞ்சலோடு இணைத்த எல்லாக் கணக்குகளிலும் முகவரியை மாற்றிவிடுங்கள்.

இன்றே உங்கள் பதிவு நிறுவனத்தின் கணக்கைத் திறந்து பாருங்கள். உங்கள் பெயரில் உள்ள ஒவ்வொரு டொமைனுக்கும் ஒரு வேலை கொடுங்கள், அல்லது அதைப் பூட்டிவையுங்கள், அல்லது முறையாக ஒப்படையுங்கள். மறந்துபோக மட்டும் விடாதீர்கள்.