அன்னைக்கு ஒரு வீடு

கல்வாரிச் சிலுவையில் தொங்கிய வேளையில் ஆண்டவர் இயேசு செய்த இறுதிச் செயல்களுள் ஒன்று, தம் தாயாருக்கு ஒரு வீட்டை ஏற்பாடு செய்ததாகும். யோவான் நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் இதனைக் காண்கின்றோம். கைம்பெண்ணாய் நின்ற மரியாளை அன்புச் சீடரிடம் ஒப்படைத்த பின்னரே அவர் தம் ஆவியைக் கையளித்தார். பராமரிப்பவர் விடைபெறும் நேரம் வந்தாலும் பராமரிப்பு நின்றுவிடலாகாது என்பதே இதில் அடங்கியுள்ள பாடம்.

உடுவில் முதலிய வலிகாமத்து ஊர்களில் பிள்ளைகள் கடல்கடந்து வாழ, தனித்து முதுமையைக் கழிக்கும் பெற்றோர் பலர். அவர்களுள் சிலருக்கு முதியோர் இல்லமே தஞ்சம். பணமின்மையாலோ பணியாளர் பற்றாக்குறையாலோ அந்த இல்லம் ஒருநாள் மூடப்பட்டால் அவர்களின் கதி என்ன?

நம்மவர் பலர் குடியேறியுள்ள அவுஸ்திரேலியாவில் இது நிகழ்ந்தது. 2019 யூலை 11ஆம் நாள், கோல்ட் கோஸ்ட் பகுதியிலுள்ள ஏர்ல் ஹேவன் முதியோர் இல்லத்தில், உரிமையாளருக்கும் நிர்வாகப் பொறுப்பேற்றிருந்த நிறுவனத்திற்கும் இடையிலான பிணக்கினால் சேவை திடீரென நின்றது. ஏறத்தாழ 70 முதியோர் அன்றே வெளியேற்றப்பட்டு, மருத்துவமனைகளுக்கும் வேறு இல்லங்களுக்குமாகப் பிரித்து அனுப்பப்பட்டனர். மறதிநோயால் பீடிக்கப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். ஏன் போகிறோம், எங்கே போகிறோம் என்று அறியாத நெஞ்சங்கள் எவ்வளவு கலங்கியிருக்கும்!

பிரித்தானியாவில் 2011இல் சதர்ன் குரொஸ் நிறுவனம் வீழ்ந்தபோது சுமார் 31,000 முதியோரின் எதிர்காலம் கேள்விக்குறியாயிற்று. அதன் பின் 2014இல் இயற்றப்பட்ட சட்டம், பராமரிப்பு நிறுவனம் ஒன்று செயலிழந்தால் அங்குள்ளோரின் தேவைகளைத் தற்காலிகமாக நிறைவேற்றும் கடமையை இங்கிலாந்தின் உள்ளூராட்சி மன்றங்கள்மீது சுமத்தியது.

இந்தக் கலக்கத்தை நாமும் அறிவோம். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாதையில் முதியோர் பட்ட துயரை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. அது போர்க்காலம், அவகாசம் கிடைக்கவில்லை. இல்லமொன்றை மூடும்போதோ அவகாசம் கொடுப்பது நம் கையிலுள்ளது.

எனவே, மூடும் முடிவை முதலில் அறிய வேண்டியவர் அங்கு வாழும் முதியவரே. அவரது விருப்பத்தைக் கேளாமல் இடம் தெரிவு செய்தல் நீதியன்று. அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, மருந்துகள், வங்கிப் புத்தகம் ஆகியவை எழுத்துமூலம் கையளிக்கப்பட வேண்டும். நெடுங்காலம் அருகருகே வாழ்ந்த இருவரை இயன்றவரை பிரிக்கலாகாது. தலைமாட்டில் இருந்த செபமாலையும் மாதா படமும் அவருடனேயே செல்லட்டும்.

நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், முதியோரைப் பராமரிக்கும் நிறுவனங்கள் பதிவுசெய்யப்பட வேண்டும் என்கின்றது. புதிய இல்லம் பதிவு பெற்றதா எனப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேட்டறிவது உறவினரின் கடமை. பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே புறக்கணிக்கலாகாது என்பதும் அதே சட்டத்தின் கட்டளை. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவதோடு இக்கடமை முடிந்துவிடுவதில்லை.

பங்குச் சமூகத்திற்கும் இதில் பங்குண்டு. புதிய இடத்தின் முதல் நாட்களே முதியவருக்கு மிகக் கடினமானவை. அந்நாட்களில் பழகிய முகமொன்று தேடிச் செல்லட்டும். வின்சென்ட் டி போல் சபையினரும் மரியாயின் சேனையினரும் இதனைத் தம் பணியாக ஏற்கலாம். நற்கருணை தவறாது கிடைக்கப் பங்குத்தந்தைக்கு அறிவிக்கலாம்.

சிலுவையின் வேதனையிலும் தாயை மறவாத ஆண்டவரே, முதியோரை எங்கள் இல்லங்களிலும் இதயங்களிலும் ஏற்றுக்கொள்ளும் அருளை எங்களுக்குத் தாரும். ஆமென்.