குழந்தைக்கு ஒரு குட்டிப் பொம்மை பின்னுவோமா?

குரோஷே என்றதும் நம்மில் பலருக்கு மேசை விரிப்பும், தொலைக்காட்சிப் பெட்டிமேல் போடும் பூத்துணியும்தான் நினைவுக்கு வரும். மலாய்க்காரச் சகோதரிகள் 'மெங்காயிட்' என்று சொல்லும் இதே கைவேலையில் பஞ்சடைத்த குட்டிப் பொம்மையும் செய்யலாம், தாய்மார்களே. ஜப்பானியர் அதை 'அமிகுருமி' என்கிறார்கள். நம் பெண்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். 2016-இல் சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவினர் பின்னல் துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வை அமைத்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். நமக்கு எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய உருண்டை ஒன்று போதும்.

கெலுகோரில் என்னிடம் பழக வரும் அக்காமார் முதலில் வாங்கி வருவது கறுப்பு நூல்தான். அழுக்குத் தெரியாதாம்! கண்ணியும்தானே தெரியாது? மஞ்சள், இளநீலம் போன்ற வெளிர் நிறத்தில், நடுத்தரப் பருமனுள்ள நூலாக வாங்குங்கள். நூல் பட்டையில் 4 மில்லிமீட்டர் ஊசி என்று போட்டிருந்தால் நீங்கள் 3 எடுங்கள். பின்னல் நெருக்கமாக இருந்தால்தான் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்காது.

பொம்மைக்குத் தேவை ஒரே பின்னல். ஊசியைக் கண்ணிக்குள் விட்டு நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு வளையம் இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் இழுத்துவிடுங்கள். அவ்வளவுதான். இதை ஆங்கிலேயர் புத்தகம் 'டபுள் குரோஷே' என்கும். அமெரிக்கப் புத்தகம் 'சிங்கிள் குரோஷே' என்கும். அமெரிக்கர் 'டபுள்' என்பது உயரமான வேறு பின்னல். அதைப் போட்டால் பொம்மை சல்லடையாகிவிடும். ஆகவே புத்தகம் எந்த நாட்டுடையது என்று முதலில் பாருங்கள்.

இரண்டு சங்கிலிக் கண்ணி போட்டு, முதலில் போட்டதற்குள்ளேயே 6 பின்னல் போடுங்கள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டாக, 12. பிறகு சுற்றுக்கு ஆறாகக் கூட்டி 18, 24, 30. கூட்டுவதை ஒரே இடத்தில் குவிக்காமல் சுற்று முழுவதும் பரவலாகச் செய்யுங்கள். அதன்பின் ஐந்து சுற்று, கூட்டாமல் குறைக்காமல் 30. பிறகு இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துச் சேர்த்து 24, 18 என்று குறைத்து, பஞ்சை அடைத்து, 12, 6 என்று வாயை மூடுங்கள். சுற்றின் முதல் கண்ணியில் வேறு நிற நூல்துண்டு ஒன்றைச் செருகி, ஒவ்வொரு சுற்றும் எண்ணுங்கள். எண்ணாதவர் பொம்மை கோணிக்கொள்ளும்.

இலவம் பஞ்சு மலிவுதான். ஆனால் துவைத்தால் கட்டிபட்டுவிடும். நம் மழைக்காலத்தில் காயவும் காயாது. பழைய தலையணையிலுள்ள பாலியெஸ்டர் பஞ்சைத் துவைத்து உலர்த்தி அடையுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கான பொம்மையில் பித்தான், மணி, பிளாஸ்டிக் கண் எதுவும் வேண்டாம். பிள்ளை அதைக் கடித்துப் பிய்த்து விழுங்கினால் மூச்சே அடைத்துவிடும். கண்ணையும் மூக்கையும் கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள். அந்தக் கறுப்பு நூலுக்கு வேலை இங்கேதான். தைத்தபின் இழுத்தும் பாருங்கள்.

குட்டைக் காது வைத்தால் பூனை, நீளக் காது வைத்தால் முயல். காதைப் பின்னி முடிக்கும்போது ஒரு சாண் நூலை விட்டு வெட்டுங்கள். உடலோடு சேர்த்துத் தைக்க அதுவே உதவும்.