நகரத்தை ஒட்டிய காடு – 9: கடைசி ஐந்து மீட்டர்

"இன்னும் நாலு மீட்டர்தான்ப்பா!" என்றாள் மகள். கைபேசித் திரையில் அம்புக்குறி நேராகப் பாறையைக் காட்டியது. இரண்டு எட்டு வைத்தாள். எண் 17-க்குத் தாவியது. திரும்பி வந்தாள், 11. பாறையை ஒட்டி நின்றாள், 23.

"இது பொய் சொல்லுதுப்பா."

பொய் சொல்லவில்லை, தடுமாறியது. எங்கள் முன்னால் நின்றது மூன்று ஆள் உயர மணற்கல் சுவர். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞையை வைத்துத்தான் கைபேசி தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களாவது அதற்கு அகப்பட வேண்டும். சமிக்ஞை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்துதான் தூரம் கிடைக்கிறது. ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்து, அதில் ஒரே ஒரு பங்கு பிசகினாலும் கணக்கு 30 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். பாறை பாதி வானத்தை மறைத்துவிட்டது. மீதி வானத்திலிருந்து வரும் சமிக்ஞையிலும் ஒரு பகுதி சுவரில் மோதித் திரும்பி, சற்றே தாமதமாக வருகிறது. அந்தத் தாமதத்தைத் தூரம் என்று கைபேசி நம்பிவிடுகிறது. வெட்டவெளியில் ஐந்து மீட்டருக்குள் இடம் சொல்லும் கருவி, பாறையடியில் அலைபாய்வது இதனால்தான்.

ஜியோகேச்சிங் போகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். எண்கள் நம்மைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இனி கண்தான் வேலை செய்ய வேண்டும். இந்த விளையாட்டின் மேல் எனக்கு இருக்கும் ஆசை முழுவதும் இந்தக் கடைசி ஐந்து மீட்டரில்தான் இருக்கிறது.

விளையாட்டு எளிமையானது. ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்காவது மறைத்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுகிறார். மற்றவர்கள் தேடிப் போய், உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, பெட்டியை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஜிபிஎஸ் துல்லியத்தை அமெரிக்க அரசு வேண்டுமென்றே குறைத்துவைத்திருந்தது. 2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டது. மறுநாளே, மே 3 அன்று, ஆரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டில் வைத்துவிட்டு அதன் எண்களை இணையக் குழு ஒன்றில் எழுதினார். வாளிக்குள் இருந்தவற்றில் ஒரு டின் பீன்ஸும் ஒரு கவணும் உண்டு. அந்த மாதம் முடிவதற்குள் விளையாட்டுக்கு இன்றுள்ள பெயர் வந்துவிட்டது. இப்போது உலகெங்கும் 30 லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் மறைந்து கிடக்கின்றன.

நாங்கள் அன்று போனது குரிங்காய் சேஸ் தேசியப் பூங்காவுக்கு. சிட்னி சென்ட்ரலிலிருந்து வடக்கே ஏறக்குறைய ஒரு மணி நேர ரயில் பயணம். மவுண்ட் குரிங்காய் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே சிறிது நடந்தால் வீடுகள் முடிந்துவிடும். அங்கிருந்து இறங்கும் பாதை கவன் கிரீக் என்னும் நீர்ப்பரப்பின் கரையைப் பிடித்துப் போய், மறுபடி மேலேறி, பெரவுரா நிலையத்தில் கொண்டுவிடும். ரயிலில் போய், நடந்து, இன்னொரு நிலையத்தில் ரயில் ஏறலாம். கார் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல காட்டுப் பாதை கிடைப்பது கடினம். 1894-லேயே இந்த நிலத்தைப் பொதுமக்களுக்கென ஒதுக்கிவைத்துவிட்டார்கள். அன்று ஒதுக்கியிராவிட்டால் இந்தச் சரிவு முழுவதும் இன்று ஓட்டு வீடுகளாக இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறை இறங்கும்போதும் நினைத்துக்கொள்வேன்.

இங்கே நிலம் என்றாலே மணற்கல்தான். 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையது. அதன் மேல் படிந்திருக்கும் மண் மிகக் குறைவு, சத்தும் குறைவு. அந்த ஏழை மண்ணில்தான் பாங்க்சியா, புல்மரம், இளஞ்சிவப்புப் பட்டையுள்ள அங்கோஃபோரா, கிறுக்கல் யூகலிப்டஸ் எல்லாம் நெருங்கி வளர்கின்றன. கிறுக்கல் மரத்தைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். வெள்ளைப் பட்டை மேல் குழந்தை பென்சிலால் கிறுக்கியதுபோல் பழுப்புக் கோடுகள் இருக்கும். ஒரு விட்டில் பூச்சியின் புழு, பழைய பட்டைக்கும் புதிய பட்டைக்கும் நடுவே தின்றுகொண்டே போன வழி அது. பழைய பட்டை உரிந்து விழுந்ததும் வழி வெளியே தெரிகிறது. ஒவ்வொரு கோடும் முதலில் மெல்லியதாகத் தொடங்கி, புழு வளர வளரத் தடித்துக்கொண்டு போகும். மகள் ஒரு கோட்டை விரலால் தொடாமல், காற்றிலேயே பின்தொடர்ந்து, அது திரும்பிய இடம்வரை போனாள். ஐந்து நிமிடம் ஆனது. அந்த மரத்தடியில் எந்தப் பெட்டியும் இல்லை.

எண்களைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 'கேச்' எனப்படும் இந்தப் பெட்டியின் இருப்பிடத்தைப் பாகை, கலை, கலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று எழுதுகிறார்கள். தெற்கு 33 பாகை என்று தொடங்கும் அந்த எண்ணின் கடைசி இலக்கம் ஒன்று மாறினால், வடக்கு தெற்காக 1.85 மீட்டர் நகர்ந்துவிடுவோம். ஆனால் எண் மாறாமலே நிலம் நகர்கிறது. ஆஸ்திரேலியக் கண்டம் ஆண்டுக்கு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் வடகிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. இந்த விளையாட்டு தொடங்கிய காலத்தில் வைத்த பெட்டி, பாறையோடும் மரத்தோடும் சேர்ந்து, இந்நேரம் ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளிப் போயிருக்கும். இந்த நகர்வை ஈடுகட்டத்தான் நாட்டின் நில அளவை எண்களையே 2020-ம் ஆண்டை அடிப்படையாக வைத்துத் திருத்தினார்கள். பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் 1.8 மீட்டர். மகளிடம் இதைச் சொன்னபோது குனிந்து தன் காலணியைப் பார்த்தாள். "இப்பவும் போயிட்டிருக்கா?" என்று கேட்டாள். போய்க்கொண்டுதான் இருக்கிறது.

பாறையடிக்குத் திரும்புவோம். எனக்கு இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஓர் ஆஸ்திரேலியப் பெரியவர். முதல் நாள் அவர் சொன்ன பாடம் ஒன்றுதான்: "இடத்துக்கு வந்ததும் இரண்டு கையையும் பாக்கெட்டில் போட்டுக்கொள். பத்து நிமிடம் எடுக்காதே."

அன்று நான் கேட்கவில்லை. அவர் வராத ஒரு வாரம் தனியாகப் போனேன். எண் தடுமாறிய இடத்தில், தரையில் பலகைபோல் கிடந்த கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். நாலாவது கல்லின் அடியில் ஒரு சின்னப் பல்லி சுருண்டு கிடந்தது. குளிர்காலம், அதனால் ஓடக்கூட முடியவில்லை. கல்லை அவசரமாகத் திரும்ப வைத்தேன். முன்பு பாறையோடு பாறையாக ஒட்டிக் கிடந்த கல் இப்போது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது. எவ்வளவு முயன்றும் பழையபடி பொருந்தவில்லை. பெட்டி அங்கே இல்லவே இல்லை, சற்றுத் தள்ளி ஒரு விழுந்த மரத்தின் பொந்தில் இருந்தது.

அந்தக் கற்கள் வெறும் கற்கள் அல்ல. மணற்கல் பாறையிலிருந்து காலப்போக்கில் உரிந்து, பாறை மேலேயே தட்டையாகப் படிந்தவை. வெயிலில் சூடாகி, அந்தச் சூட்டை அடியில் விரற்கடை அகல இடுக்கில் காத்துவைக்கும். வெல்வெட் பல்லியும், அதைத் தின்னும் அகலத்தலைப் பாம்பும் குளிர் மாதங்களை அந்த இடுக்கில்தான் கழிக்கின்றன. சிட்னியைச் சூழ்ந்த மணற்கல் நிலத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத அந்தப் பாம்பு, இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிறது. தோட்ட அலங்காரத்துக்காக இந்தக் கற்களைப் பெயர்த்து எடுப்பதை, உயிரினங்களுக்கு முக்கிய அச்சுறுத்தல் என்று நியூ சவுத் வேல்ஸ் சட்டமே பட்டியலிட்டிருக்கிறது. எடுத்துப் போக வேண்டியதில்லை, தப்பாகத் திரும்ப வைத்தாலே இடுக்கின் அளவு மாறிவிடும். ஒரு பெட்டியைத் தேடி ஐம்பது பேர் வந்து, ஆளுக்கு நாலு கல் புரட்டினால் அந்த மேட்டில் என்ன மிஞ்சும்?

கையை உள்ளே விடாமல் இருக்க வேறு காரணங்களும் உண்டு. பாறைக் குடைவுகளின் அடியில் பூர்வகுடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார்கள். கரையோரம் அவர்கள் தின்று போட்ட சிப்பிக் குவியல்கள் இன்றும் மண்ணோடு கலந்து கிடக்கின்றன. அவற்றைக் கலைப்பது சட்டப்படி குற்றம். கலைத்தால் திரும்ப அடுக்கவும் முடியாது. சிட்னியின் புனல்வலைச் சிலந்தி ஈரமான பொந்துகளில் இருக்கும். 1981-ல் அதற்கு நச்சுமுறி மருந்து வந்த பிறகு அதன் கடியால் யாரும் இறந்ததில்லை என்றாலும், தெரியாத பொந்தில் விரலை விடும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு நான் கற்றுத்தரமாட்டேன்.

அப்படியானால் எப்படித் தேடுவது? இயற்கை செய்யாத ஒன்றைத் தேட வேண்டும். காற்றில் விழுந்த குச்சிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். நாலைந்து குச்சிகள் ஒரே திசையில் படுத்திருந்தால் அது மனிதக் கை. வெளிப்பக்கம் இருக்க வேண்டிய பாசி உள்பக்கம் திரும்பியிருந்தால் அந்தக் கல்லை யாரோ வைத்திருக்கிறார்கள். பாங்க்சியா மரத்தடியில் அங்கோஃபோராவின் பட்டை கிடந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். இதைக் கேட்க வேண்டுமானால் எந்தப் பட்டை எந்த மரத்துடையது என்று தெரிந்திருக்க வேண்டும். நான் இந்த ஊர் மரங்களின் பெயர்களைக் கற்றுக்கொண்டது இப்படித்தான். பதினொரு வருடம் சிட்னியில் குடியிருந்தும், அதுவரை எனக்கு எல்லாமே 'யூகலிப்டஸ்'.

கையே வேண்டாத கேச்சும் ஒன்று உண்டு. 'எர்த்கேச்' என்று பெயர். பெட்டி கிடையாது. சொன்ன இடத்துக்குப் போய், அங்குள்ள பாறையை உற்றுப் பார்த்து, கேட்ட கேள்விக்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டும். உலகின் முதல் எர்த்கேச் 2004 ஜனவரியில் அமைந்தது இதே மாநிலத்தில்தான், தெற்குக் கடற்கரையில் வாஸ்ப் ஹெட் என்னும் முனையில். போக வேண்டும் என்று வைத்திருக்கும் இடம்.

மகள் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மெல்ல நடந்தாள். சுவரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு பாதை பக்கமாகத் திரும்பி நின்று பார்த்தாள். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மறைத்தவர் எங்கே நின்று பார்த்து மறைத்திருப்பார் என்று யோசித்திருக்கிறாள்.

"அப்பா, அந்தப் புல்மரத்துக்குப் பின்னாடி பட்டை நேரா நிக்குது. பட்டை விழுந்தா படுத்துத்தானே கிடக்கும்?"

பட்டையை விலக்கினோம். கிளிப் வைத்து மூடும் சாப்பாட்டு டப்பா ஒன்று, பச்சையும் பழுப்புமான டேப் சுற்றியது. உள்ளே ஜிப் பைக்குள் குறிப்பேடு, கட்டைப் பென்சில். பேனா இந்த ஈரத்தில் எழுதாது. ஒரு கோலி, ஒரு பிளாஸ்டிக் டைனோசர், ஒற்றைக் காது வளையம், நாய்க்குக் கட்டும் வில்லைபோல் எண் பொறித்த பயணத் தகடு. அந்தத் தகட்டை எடுத்தால் வேறொரு கேச்சில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அது எங்கெங்கே போகிறது என்று உரிமையாளர் இணையத்தில் பார்த்துக்கொண்டிருப்பார். தின்பண்டம் மட்டும் உள்ளே வைக்கக் கூடாது. வாசனை பிடித்துக் காட்டெலி டப்பாவையே கடித்துவிடும். மகள் கோலியை எடுத்துக்கொண்டு, தான் பாசி மணியில் கோத்த ஒரு சின்ன மீனை வைத்தாள். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் பூங்கா நிர்வாகத்தின் ஒப்புதலோடு வைக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. தேசியப் பூங்காவில் ஒப்புதல் இல்லாமல் வைக்கக் கூடாது. எங்கேயும் குழி தோண்டிப் புதைக்கவும் கூடாது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முழுக்கால் சட்டையும் நீளக் காலுறையும் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பியதும் காதுமடல், தலைமுடி, இடுப்பு என்று உண்ணி இருக்கிறதா பாருங்கள். இந்தப் பக்கத்து உண்ணி கடித்துச் சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறியே ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறது. பள்ளத்தாக்கில் கைபேசித் தொடர்பு அறுந்துபோகும், ஆகவே போகும் வழியை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தீ அபாய நாளில் பூங்காவை மூடிவிடுவார்கள், காலையிலேயே பார்த்துவிடுங்கள். காலணியின் அடியைத் தேய்த்துக் கழுவிவிட்டு வாருங்கள். மண்ணோடு ஒட்டிவரும் ஒரு வேரழுகல் நோய் இந்தச் செடிகளைக் கொன்றுகொண்டிருக்கிறது.

அன்று தேடிய இரண்டாவது பெட்டி நீர்க்கரையைத் தாண்டி, பெரவுராவுக்கு ஏறும் சரிவில் இருந்தது. முக்கால் மணி நேரம் தேடினோம். எண் எங்களைக் கொண்டுவிட்ட இடம் முழுக்கத் தட்டைக் கற்கள். வெயில் சாயத் தொடங்கியது.

"கல்லைப் புரட்டியிருந்தா கிடைச்சிருக்குமாப்பா?"

"கிடைச்சிருக்கலாம்மா."

பெரவுரா நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, 'கிடைக்கவில்லை' என்று அவளே பதிவு போட்டாள். அதையும் போட வேண்டும், அப்போதுதான் வைத்தவர் வந்து பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். கீழே ஒரு வரி சேர்த்தாள்: எல்லாக் கல்லும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

(தொடரும்)