தாத்தாவின் பழைய கப்சாயை மீண்டும் ஓட வைக்கலாமா? முதன்முறை முயல்வோர் அறிய வேண்டியவை

மலாக்காவில் ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் வட்டாரங்களில் பல வீடுகளின் பின்பக்கத்தில் ஒரு பழைய ஹொண்டா துருப்பிடித்து நிற்பதைப் பார்க்கலாம். தோட்டத்தில் வேலை செய்த தாத்தாவோ அப்பாவோ ஓட்டியது. இரும்புக்கடைக்குப் போட மனசு வராது, ஓட்டவும் முடியாது. இப்போது அதைப் பழுதுபார்த்து, சாயம் பூசி, தங்கள் விருப்பப்படி மாற்றி ஓட்ட இளைஞர்கள் பலர் ஆசைப்படுகிறார்கள்.

"சின்ன எஞ்சின்தானே, நாமளே பண்ணிடலாம்" என்று தோன்றும். பெரும்பகுதியை வீட்டிலேயே செய்யலாம் என்பதும் உண்மைதான். ஆனால், எதை முதலில் செய்வது என்று தெரியாமல் தொடங்கினால் காசும் போகும், சில நேரம் உயிருக்கும் ஆபத்து வரும். மலேசியச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் மோட்டார்சைக்கிளில் சென்றவர்கள்.

கப்சாய் எப்படித் தோட்டத்துக்கு வந்தது?

மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடுவது மலாக்காவில்தான் தொடங்கியது. 1896-இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் ஆசஹானில் பெரிய அளவில் தோட்டம் போட்டார். அதன் பின்னர் மாநிலமெங்கும் எழுந்த தோட்டங்களில் தமிழர்கள் பால்மரம் சீவினார்கள்.

ஹொண்டா நிறுவனம் சூப்பர் கப் மாடலை ஜப்பானில் வெளியிட்டது 1958-இல். பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ ஹொண்டா மோட்டார்களை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார். 'கப்' என்ற பெயரோடு 'சின்னது' என்று பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து 'கப்சாய்' ஆனது. 2017-இல் உலகம் முழுவதும் இந்த வரிசையில் தயாரான மோட்டார்களின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது.

கையால் பிடிக்கும் கிளட்ச் இதில் கிடையாது. காலால் கியர் மாற்றினாலே போதும். எண்ணெய் குறைவாகக் குடிக்கும், செம்மண் பாதையிலும் போகும். தோட்டத்து மக்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினையா?

இல்லை, கெரானை. ஸ்பானரைத் தொடுவதற்கு முன் அந்த வாகன உரிமை அட்டையைத் தேடி எடுங்கள். அதிலுள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்ட எண்களோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எண் தேய்ந்தோ சுரண்டப்பட்டோ இருந்தால், ஒரு காசும் செலவழிக்காமல் முதலில் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யிடம் கேளுங்கள். பல ஆண்டுகளாகச் சாலை வரி கட்டாத வண்டி என்றாலும் அப்படியே.

வண்டி இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருக்கிறதா? "வீட்டு வண்டிதானே" என்று விட்டுவிட முடியாது. வாரிசின் பெயருக்கு மாற்ற, சொத்து நிர்வாகத்துக்கான ஆவணம் வேண்டும். குடும்பத்தின் நிலைக்கு ஏற்ப அது அமானா ராயா, நில அலுவலகம் அல்லது உயர் நீதிமன்றத்தின் வழி கிடைக்கும். இதற்கு மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படலாம். ஆகவே, வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே அண்ணன் தம்பி, அத்தை, சித்தப்பாவிடம் பேசிவிடுங்கள். வண்டி பளபளவென்று ஆன பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

பிரிக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்றிப் போடாதீர்கள். பாதியில் நின்றுபோகும் வண்டிகள் பெரும்பாலும் அப்படித்தான் நிற்கின்றன. ஒரு நேரத்தில் ஒரு பகுதி மட்டும். கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுங்கள். போல்ட், நட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள்.

எஞ்சின் மூடியிலுள்ள ஸ்குரூக்கள் ஜப்பானியத் தரத்தில் செய்யப்பட்டவை. சாதாரண ஸ்குரூடிரைவர் அவற்றில் சரியாக உட்காராது. பலமாகத் திருகினால் தலை வழுக்கிவிடும். ஜப்பானியத் தர முனையும், சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரும் வாங்கினால் பாதித் தலைவலி குறையும்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். அந்தக் காலத்து பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

எண்ணெய் டாங்கியில் ஓட்டை இருந்தால் நீங்களே பற்றவைக்க முயலாதீர்கள். காலியான டாங்கிக்குள் தங்கியிருக்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும். உள்துரு மட்டும் என்றால் காடியை ஊற்றி ஊறவைத்து, பிறகு சமையல் சோடா கலந்த நீரில் கழுவி, நன்றாக உலர்த்தினால் போதும்.

எந்த வரிசையில் வேலை செய்வது?

பலரும் சாயத்தில் தொடங்குகிறார்கள். அது கடைசி வேலை. முதலில் பிரேக், டயர், பேரிங், செயின். வண்டி ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும். டயரில் பூ நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. அந்த நான்கு இலக்கங்களே இல்லாத டயர் இன்னும் பழையது. காய்ந்து இறுகிய ரப்பர் மழையில் பிடிக்காது.

அடுத்தது எஞ்சின். சி70 மாடலில் இருப்பது 72 சிசி எஞ்சின், மூன்று கியர். பல ஆண்டு நின்றிருந்தால் உடனே உதைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் கழித்து மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். பிறகு கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவுங்கள், வால்வு இடைவெளியைச் சரிபாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது 0.05 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எஞ்சின் எண்ணெயைப் பொறுத்தவரை, மோட்டார்சைக்கிளுக்கென்று விற்பதையே ஊற்றுங்கள். இதன் கிளட்ச் எண்ணெயில் ஊறிக்கொண்டே வேலை செய்வது. சில கார் எண்ணெய்களை ஊற்றினால் வழுக்கும்.

அதன் பிறகு மின்சாரம். பழைய வண்டிகள் 6 வோல்ட், பிந்தியவை 12 வோல்ட். தெரியாமல் பேட்டரியோ பல்போ மாற்றி வாங்கினால் எரிந்துபோகும்.

எவ்வளவு மாற்றலாம்?

இருக்கை, கைப்பிடி உறை, கண்ணாடி போன்றவற்றில் ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம். நிறத்தை மாற்றினால் ஜேபிஜே பதிவிலும் அதைத் திருத்த வேண்டும். எஞ்சினை மாற்றுவதற்கு அதன் அனுமதி தேவை. பதிவில் ஒரு எஞ்சின், வண்டியில் வேறு எஞ்சின் என்றால், விபத்து நடந்த பிறகு காப்புறுதி கேட்கும்போது சிக்கல் வரும்.

புகைக்குழாயை வெட்டிச் சத்தம் கூட்டுவது சட்டப்படி குற்றம். எஞ்சினுக்கும் கெடுதல். புகை தடையின்றி வெளியேறினால் கலவையில் காற்று மிஞ்சும், எஞ்சின் அதிகமாகச் சூடேறும். பிளக் முனையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பழுப்பு நிறம் சரி. வெள்ளை என்றால் எண்ணெய் போதவில்லை, கரி படிந்திருந்தால் எண்ணெய் அதிகம்.

சேசிஸை வெட்டுவது, தாழ்த்துவது வேண்டாம். கப்சாயின் உடல் தகட்டை அழுத்திச் செய்த ஒரே முதுகெலும்பு போன்றது. ஓரிடத்தில் வெட்டினால் மொத்த வலுவும் குறையும்.

எப்போது கடைக்குக் கொண்டுபோக வேண்டும்?

சிலிண்டரைக் கடைவது, கிராங்க் பேரிங் மாற்றுவது, பற்றவைப்பது ஆகிய மூன்றுக்கும் அனுபவமுள்ள கை வேண்டும். உங்கள் ஊரில் வயதான மெக்கானிக் இருந்தால் அவரிடம் போங்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்றும் கேளுங்கள். பலர் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள்.

எல்லாம் முடிந்து, சாலை வரியும் காப்புறுதியும் எடுத்த பிறகு, முதல் பயணத்தை ஆயர் குரோ நெடுஞ்சாலையில் வைக்காதீர்கள். வீட்டுப் பக்கத்துச் சாலையில் மெதுவாக ஓட்டி, இரண்டு பிரேக்குகளையும் பலமுறை பிடித்துப் பாருங்கள். முதல் 100 கிலோமீட்டருக்குள் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி முறுக்குங்கள், எண்ணெயை மாற்றுங்கள். வடித்த எண்ணெயில் இரும்புத் துகள் மின்னினால் வண்டியை நிறுத்திவிட்டு, அந்த எண்ணெயோடு மெக்கானிக்கைப் பார்க்கப் போங்கள்.